கஞ்சாவும் டி.சி.யும்: தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளில் படிக்கிறவர்களும் படித்து முடித்தவர்களுமாக நாங்கள் ஏழெட்டுப் பேர், ஒரே ஒரு கோரிக்கையோடு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறோம். போதைப் பழக்கத்திலிருந்து வெளியே வர உதவி கேட்கும் மாணவனைக் கல்லூரி தண்டிக்கக் கூடாது. அதை விதியாக எழுதி வைக்க வேண்டும். அவ்வளவுதான். போகிற இடத்தில் எல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் எங்காவது கோபம் தெரிந்தால் அது என்னுடையது. மற்றவர்கள் என்னைவிடப் பொறுமைசாலிகள்.

அப்போ கஞ்சா குடிக்கலாம்னு சொல்றீங்களா?

இல்லை. விற்கிறவனை விட்டுவிடச் சொல்கிறோமா என்றால் அதுவும் இல்லை. ஹாஸ்டலுக்குள் பொட்டலம் கொண்டுவந்து விற்கிறவன் மாணவனாகவே இருந்தாலும் அது போலீஸ் பார்க்க வேண்டிய விஷயம். நாங்கள் பேசுவது வாங்கிக் குடித்து மாட்டிக்கொண்டவனைப் பற்றி, அதிலும் முதல் தடவை மாட்டியவனைப் பற்றி.

பிறகு எதை மாற்றச் சொல்கிறீர்கள்? இப்போது என்ன நடக்கிறது?

பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. பையைச் சோதிப்பார்கள், போனை வாங்கி வைப்பார்கள், அப்பாவை வரச் சொல்வார்கள். விசாரணைக் கமிட்டி, நோட்டீஸ், எழுத்து மூலமான உத்தரவு என்று எதுவும் இருக்காது. ஏனென்றால் காகிதத்தில் கல்லூரி அவனை வெளியேற்றுவதே இல்லை, அவனேதான் போகிறான்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் காவேரிப்பட்டணம் பக்கம். மாங்காய் அறுப்பு நேரம். அப்பா வேலையைப் போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்து, மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசல் பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். மத்தியானம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்கள். அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அதனால் கடிதத்தைப் பையனே எழுதினான். "என் மகனின் நடத்தை சரியில்லாத காரணத்தால், அவனுடைய மாற்றுச் சான்றிதழை நானே விருப்பப்பட்டுப் பெற்றுக்கொள்கிறேன்." அப்பா குரலில் தன் டி.சி.யைத் தானே எழுதி, எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டினான். அவன் அந்த வீட்டின் முதல் பட்டதாரியாக ஆகியிருக்க வேண்டியவன். இப்போது ஓசூர் சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். கல்லூரியில் கிடைத்ததைவிட அங்கே கஞ்சா எளிதாகக் கிடைக்கிறது என்று அவனே சொன்னான்.

உங்களுக்கு ஏன் இந்த வேலை?

இரண்டாம் ஆண்டு ஹாஸ்டலில் இருந்தபோது ஒரு ராத்திரி நடந்தது. கூட இருந்த ஒருவன் சரக்கோடு வலி மாத்திரையும் போட்டுவிட்டான். ஒரு மணிக்கு மேல் அவன் மூச்சு குறட்டை மாதிரி, விட்டு விட்டு வந்தது. தட்டினால் கண் திறக்கவில்லை. அறையில் நாங்கள் நான்கு பேர். முதலில் என்ன செய்தோம் தெரியுமா? ஒருவன் மாத்திரை அட்டையைக் கிழித்துச் சாக்கடையில் போட்டான். இன்னொருவன் ஜன்னலைத் திறந்தான். எலுமிச்சம்பழம் தேடினோம். 108 என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. சைரன் வந்தால் வாட்ச்மேன், வாட்ச்மேன் வந்தால் வார்டன், வார்டன் வந்தால் டி.சி. இந்தக் கணக்கு எல்லார் மண்டையிலும் ஓடிக்கொண்டிருந்தது.

முக்கால் மணி நேரம் போன பிறகு ஒருவன் தன் ஊர் அண்ணனுக்குப் போன் போட்டான். அவர் ராயக்கோட்டையிலிருந்து தக்காளி லோடு அடிப்பவர். காலிக் கிரேடுகளைத் தள்ளிவிட்டு அவனைப் பின்னால் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டியூட்டி டாக்டர் "என்ன சாப்பிட்டான்?" என்றார். நான்கு பேரும் ஒரே குரலில் "தெரியல சார்." அவர் என்னைப் பார்த்து, "நான் போலீஸ் இல்லப்பா. மாத்திரை பேரைச் சொன்னாத்தான் என்ன ஊசி போடறதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். அப்புறம்தான் சொன்னோம். அபின் வகையைச் சேர்ந்த வலி மாத்திரைகளுக்கு நாலாக்சோன் என்ற முறிவு மருந்து இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பையன் பிழைத்துவிட்டான். அந்த முக்கால் மணி நேர மூச்சுச் சத்தம்தான் இன்னும் என் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது.

சட்டமே தண்டிக்கச் சொல்லும்போது கல்லூரி என்ன செய்யும்?

சட்டத்தை முழுதாகப் படித்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பது குறைவு. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் மற்றும் உளவெறிப் பொருள்கள் சட்டம், என்.டி.பி.எஸ். சட்டம் என்று எல்லாரும் சொல்வது, எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. 2001இல் வந்த திருத்தம் அளவை வைத்துப் பிரித்தது. கஞ்சாவில் ஒரு கிலோவுக்குக் குறைந்தால் சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. ஹெராயினில் 5 கிராமுக்குக் குறைந்தால் சிறிய அளவு, 250 கிராமுக்கு மேல் போனால் வணிக அளவு. சிறிய அளவு கஞ்சா வைத்திருந்தால் ஓராண்டு வரை கடுங்காவலோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. வணிக அளவென்றால் குறைந்தது 10 ஆண்டு, அதிகம் 20 ஆண்டு. 37ஆம் பிரிவின்படி ஜாமீன் கிடைப்பதும் குதிரைக்கொம்பு. இரண்டுக்கும் நடுவில் உள்ள அளவுக்கு 10 ஆண்டு வரை.

பயன்படுத்தியதற்கு மட்டும் 27ஆம் பிரிவு. கோகெய்ன், மார்ஃபின், ஹெராயின் என்றால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 வரை அபராதம். கஞ்சா உள்ளிட்ட மற்றவற்றுக்கு ஆறு மாதம் வரை அல்லது 10,000 வரை. இங்கேயும் இரண்டும் சேர்ந்து வரலாம்.

அதாவது, பழக்கத்துக்கு ஆளானவனும் லாரியில் கடத்துகிறவனும் ஒன்றில்லை என்று நாடாளுமன்றமே ஒத்துக்கொண்டிருக்கிறது. நம் கல்லூரிகளில் மட்டும் ஒரு பீடிக்கும் ஒரு மூட்டைக்கும் ஒரே டி.சி.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். "நான் குடிக்கலண்ணா, ஃபிரண்டுக்கு வாங்கிக் குடுத்தேன்" என்று சொன்னால் தப்பிக்கலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உண்மையில் அது நிலைமையை மோசமாக்கும். வாங்குவது, வைத்திருப்பது, கைமாற்றுவது எல்லாம் 20ஆம் பிரிவில் வரும்.

64ஏ, 64ஏ என்கிறீர்களே, அது என்ன?

அதே சட்டத்தின் ஒரு பிரிவு. எங்கள் கோரிக்கையின் முதுகெலும்பு அதுதான். போதைக்கு அடிமையான ஒருவர் மீது, பயன்படுத்தியதற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கு வந்து, அவர் தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்தக் குற்றத்துக்காக அவர் மீது வழக்கு நடத்த முடியாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பை விலக்கிக்கொள்ளலாம். 39ஆம் பிரிவும் இதன் பக்கத்து வீடுதான்: குற்றம் நிரூபணமான பிறகும், சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பிவைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது.

நீதிமன்றமே "சிகிச்சைக்குப் போ, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்ல முடிகிற இடத்தில், ஒரு கல்லூரி முதல்வர் அறையில் அதைச் சொல்ல முடியாதா?

தண்டனை இல்லை என்றால் பயம் விட்டுப்போகாதா?

பேராசிரியர்கள் கேட்பதில் இதுதான் நியாயமான கேள்வி. பயம் கொஞ்சம் பேரைத் தடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே உள்ளே விழுந்தவனைப் பயம் வெளியே கொண்டுவருவதில்லை, மறைக்கத்தான் சொல்லிக்கொடுக்கிறது. நாங்கள் சாக்கடையில் போட்ட மாத்திரை அட்டையை நினைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகம் 2002இல், அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு உயிருக்குப் போராடுகிற மாணவருக்காக உதவி கேட்டு அழைப்பவர் மீதும், அந்த மாணவர் மீதும் ஒழுங்கு நடவடிக்கை கிடையாது என்று விதி கொண்டுவந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் உதவி கேட்டு வந்த அழைப்புகள் கூடின. குடிப்பது கூடியதற்கான அடையாளம் தெரியவில்லை. நம்மூர் வேறு, அவர்கள் ஊர் வேறுதான். ஆனாலும் சைரனுக்குப் பயப்படும் இருபது வயசுப் பையன் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

வெளிநாட்டில் மாணவர்கள் போராடி எதையாவது மாற்றியிருக்கிறார்களா?

மாற்றியிருக்கிறார்கள், ஆனால் அதற்கு இருபது வருஷத்துக்கு மேல் பிடித்தது. 1998இல் அமெரிக்க உயர்கல்விச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. போதை வழக்கில் தண்டனை பெற்ற மாணவருக்கு மத்திய அரசின் கல்வி உதவி நிற்கும். வைத்திருந்த குற்றம் என்றால் முதல் தடவைக்கு ஓராண்டு, இரண்டாம் தடவைக்கு இரண்டாண்டு, மூன்றாவது என்றால் காலவரையே இல்லை. கொலை வழக்கில் தண்டனை பெற்றவருக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை என்பதைத்தான் அங்கே மாணவர்கள் மேடைக்கு மேடை கேட்டார்கள். அதே 1998இல் தொடங்கிய ஸ்டூடண்ட்ஸ் ஃபார் சென்சிபிள் டிரக் பாலிசி என்ற அமைப்பு இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டது. 2006இல் விதி தளர்ந்தது: உதவித்தொகை வாங்கும் காலத்தில் செய்த குற்றத்துக்கு மட்டும் என்று சுருங்கியது. 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் தடையை அடியோடு எடுத்துவிட்டது.

எனக்கு இந்தக் கதை பிடிக்கக் காரணம் நம்மூரில்தான் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறதே, 2022இலிருந்து மாணவிகளுக்குப் புதுமைப் பெண், 2024இலிருந்து மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன், அது கல்லூரியில் படிக்கிறவரைதான். டி.சி. வாங்கியவுடன் அந்த ஆயிரம் போய்விடும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை போய்விடும். நலத்துறை விடுதியில் இருந்தால் சாப்பாடும் படுக்கையும் போய்விடும். அந்த வெள்ளைத்தாளில் இதில் ஒரு வரிகூட எழுதியிருக்காது. பெங்களூரில் வசதியான வீட்டுப் பையன் மாட்டினால் வேறு கல்லூரியில் சீட்டு வாங்குவான். அஞ்செட்டியிலிருந்து வந்தவன் மாட்டினால் படிப்பு அதோடு சரி.

போர்ச்சுகல் பற்றியும் கேட்கிறார்கள். 2001இல் அங்கே சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சமாக வைத்திருப்பதைக் குற்றவியல் வழக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பது உண்மை. அது நாட்டுச் சட்டம் பற்றிய பேச்சு. எங்கள் பேச்சு கல்லூரிக் கையேட்டின் ஒரு பக்கத்தைப் பற்றியது. இரண்டையும் கலந்தால் முதல்வர் அறைக் கதவு சாத்திக்கொள்ளும், அனுபவத்தில் சொல்கிறேன்.

போதைப்பொருள் எதிர்ப்பு மன்றம் எங்கள் கல்லூரியில் இருக்கிறதே?

இருக்கட்டும், நல்லது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் உறுதிமொழி எடுத்தபோது நானும் வெயிலில் கை நீட்டி நின்றவன்தான். என் வரிசையில் நின்ற ஒருவன் அன்றைக்குச் சாயங்காலமே பொட்டலம் வாங்கினான். உறுதிமொழியைக் கேலி செய்யவில்லை. ஆனால் அதை மீறியவன் மறுநாள் யாரிடம் போய்ச் சொல்வது என்று அந்த மேடையில் யாரும் சொல்லவில்லை. மன்றப் பொறுப்பாசிரியரே ஒழுங்கு நடவடிக்கைக் குழுவிலும் இருக்கிறார் என்றால் அவரிடம் எவன் போய்ச் சொல்வான்?

எல்லாருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை வைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமே?

தீராது. கஞ்சா குடித்த மயக்கம் சில மணி நேரத்தில் இறங்கிவிடும், அதன் கழிவு சிறுநீரில் பல நாள் நிற்கும். தினமும் குடித்தவர்களுக்கு வாரக்கணக்கில்கூடத் தெரியும். அதனால் இன்றைக்கு வகுப்பில் போதையோடு இருந்தானா, விட்டு மூன்று வாரம் ஆயிற்றா என்று அந்தக் கிட் சொல்லாது. விட முயற்சி செய்கிறவனையும் சேர்த்துப் பிடிக்கும். சில சளி மாத்திரைகள்கூடத் தப்பாகப் 'பாசிட்டிவ்' காட்டவைக்கும். அதனால்தான் கிட்டில் வந்ததை ஆய்வகத்தில் இன்னொரு முறை உறுதி செய்ய வேண்டும் என்பது மருத்துவ வழக்கம். கோடு விழுந்ததைப் பார்த்து அப்பாவுக்குப் போன் போடுவது மருத்துவம் இல்லை.

கவுன்சிலரிடம் சொன்னால் வெளியில் சொல்லிவிடுவாரா?

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோய் என்பதற்குள் மது, போதைப்பொருள் பழக்கத்தால் வரும் மனநிலைகளையும் சேர்த்திருக்கிறது. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்லும் உரிமை 23ஆம் பிரிவில் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற விதிவிலக்குகள் உண்டு. டாக்டருக்கும் மனநல ஆலோசகருக்கும் இது பொருந்தும். ஆனால் கவுன்சிலர் என்று போர்டு மாட்டி உட்காரவைத்திருக்கும் துறைப் பேராசிரியருக்கு இது எவ்வளவு தெரியும் என்பது வேறு விஷயம். அதனால்தான், அங்கே பேசியது ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புக்குப் போகாது என்று விதியிலேயே எழுதச் சொல்கிறோம். கல்லூரிக்குள் யாரிடமும் பேச மனமில்லை என்றால் 14416 (டெலி மானஸ், மனநல ஆலோசனை), 14446 (போதை மீட்பு உதவி எண்). இரண்டும் கட்டணமில்லாதவை.

கூல் லிப், ஹான்ஸ், டாஸ்மாக் சரக்கு?

எங்கள் கோரிக்கை இவற்றுக்கும் சேர்த்துத்தான். கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டினால் கிடைக்கும், கூல் லிப், ஹான்ஸ் மாதிரி வாயில் வைக்கும் புகையிலையை இங்கே தடை செய்து வைத்திருப்பதால், பெங்களூர் ரோட்டில் மூட்டை மூட்டையாகப் பிடிபடுவதைப் பேப்பரில் பார்க்கிறீர்கள். கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது, தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. இவையும் சட்டம்தான். கடைக்காரரிடம் இதைக் கேட்காமல் பையனின் பையை மட்டும் துழாவுவது எனக்குப் புரிவதில்லை.

முதலாம் ஆண்டு மாணவருக்கு 17 வயது என்றால்?

சட்டப்படி அவர் சிறார். வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போக வேண்டும். அவருக்கு போதைப்பொருள் கொடுத்தவருக்கு 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு.

மாணவிகள் யாரும் உங்களோடு இல்லையா?

இருக்கிறார்கள். எங்கள் மனுவைத் திருத்தி எழுதியதே பென்னாகரத்துத் தங்கச்சி ஒருவர்தான். ஒரு மாணவி மாட்டினால் டி.சி.யோடு நிற்காது, அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் பேசிவிடுவார்கள் என்று அவர் சொன்ன பிறகுதான், "பெற்றோருக்குத் தெரிவிப்பது மாணவரிடம் பேசிய பிறகே" என்ற வரியைச் சேர்த்தோம். வயது வந்தவர்களுக்கு மட்டும், உயிராபத்து இல்லாதபோது மட்டும்.

எனக்கு ஏற்கெனவே டி.சி. கொடுத்துவிட்டார்கள். ஏதாவது வழி?

உண்டு, காகிதம் வேண்டும். வெளியேற்றிய உத்தரவை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் கேட்ட கடிதத்தின் நகலைப் பத்திரமாக வையுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிமுறைகளின்படி கல்லூரியில் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், அதற்கு மேல் பல்கலைக்கழக அளவில் குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும். அசல் சான்றிதழ்களைத் தராமல் பிடித்து வைப்பதும் அந்த விதிமுறையின்படி புகாருக்கு உரியதுதான். வழக்கும் சேர்ந்து இருந்தால் தாமதிக்காமல் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய் இலவச வக்கீல் கேளுங்கள். போலீஸ் தேர்வுக்கோ ராணுவத்துக்கோ தயாராகிறவர் என்றால் இன்னும் சீக்கிரம். கிரவுண்டில் ஓடி முடித்த பிறகு சரிபார்ப்பில் வழக்கு தெரிந்து நிற்பவர்களை நம் இரண்டு மாவட்டத்திலும் பார்க்கலாம்.

இப்போது அறையில் ஒருவன் மயங்கிக் கிடக்கிறான். என்ன செய்வது?

படிப்பதை நிறுத்திவிட்டு 108ஐ அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மல்லாக்கப் போடாதீர்கள். வாயில் மோர், எலுமிச்சை, எதையும் ஊற்றாதீர்கள். மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் கொடுங்கள்.

எங்கள் கல்லூரியில் எப்படித் தொடங்குவது?

போஸ்டர் ஒட்டித் தொடங்காதீர்கள். நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம், ஒரே நாளில் "கஞ்சா சங்கம்" என்று பெயர் வைத்துவிட்டார்கள், அதைக் கழுவ ஒரு செமஸ்டர் ஆயிற்று. முதலில் உங்களை நம்பும் ஓர் ஆசிரியரைப் பிடியுங்கள். என்.எஸ்.எஸ். அலுவலராக இருந்தால் நல்லது. அப்புறம் முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம். நாங்கள் கொடுத்ததின் நடுப்பகுதி இது:

"உயிராபத்தில் தனக்கோ நண்பருக்கோ உதவி கேட்டு அழைக்கும் மாணவர் மீதும், அவ்வாறு காப்பாற்றப்பட்ட மாணவர் மீதும், போதைப்பொருள் பயன்படுத்தியதற்காகக் கல்லூரி ஒழுங்கு நடவடிக்கை எடுக்காது. முதல் முறை பிடிபடும் மாணவர் அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சைக்குச் சென்றால் அவருடைய சேர்க்கை ரத்து செய்யப்படாது. சிகிச்சை நாட்கள் வருகைப் பதிவில் மருத்துவ விடுப்பாகக் கொள்ளப்படும். விற்பனைக்கு இவ்விதி பொருந்தாது. எந்த வெளியேற்றமும் எழுத்து மூலமான நோட்டீசும் விசாரணையும் இன்றி நடைபெறாது."

அதிகம் சண்டை வந்தது வருகைப் பதிவு பற்றிய வரிக்குத்தான், யாரும் எதிர்பார்க்கவில்லை. 75 சதவீதம் இல்லாமல் ஹால் டிக்கெட் எப்படித் தருவது என்றார்கள். மஞ்சள் காமாலைக்கு எப்படித் தருகிறீர்களோ அப்படி என்றோம். ஒரு கல்லூரியில் அந்த வரியை மட்டும் ஒத்துக்கொண்டு மற்றதை "பரிசீலிக்கிறோம்" என்று வைத்திருக்கிறார்கள். இன்னொன்றில் கடிதத்தை வாங்கவே இல்லை, அதனால் பதிவுத் தபாலில் அனுப்பினோம். நீங்கள் நேரில் கொடுத்தால் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் தேதியும் ஆபீஸ் சீலும் வாங்காமல் படியிறங்காதீர்கள்.